பச்சை நூலில் காய்த்த கத்தரிக்காய்

வேப்பமரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் மனசு தெளியும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்பீர்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் தெருவில் எரிந்துகொண்டிருந்தது வயிறு ஒன்றுதான். அடுப்பு எரியவில்லை.

சண்டைக் காலம். சண்டை என்னவோ கடல் தாண்டி நடந்தது. எங்கள் தெருவில் தறிதான் முதலில் செத்தது. மதுரைக்குத் தெற்குப் பக்கத்தில், நெசவாளிகள் தெரு ஒன்றில், நான் ஒண்டுக்குடித்தனமாக இருந்தேன். உசிலம்பட்டிக்கும் மேற்கே, வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊரிலிருந்து பிழைக்க வந்தவன். நூல் கடையில் மூட்டை பிரித்து எடை போடுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தையெல்லாம் பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் படித்தேன். அதைவிட அதிகமாகத் தெருவில் ஆட்கள் பேசுவதைக் கேட்டுப் படித்தேன். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால், கடைக்குப் போகிற வழியெல்லாம் அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே போவேன்.

அந்தத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டவர்கள். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு பாஷை. வாசலுக்கு வந்துவிட்டால் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். சண்டைக்கு முன்னால் காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தறி அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் வருகிறவன் பேசுவது கேட்காது. நூலுக்குக் கண்ட்ரோல் வந்த பிறகு நாய் கொட்டாவி விடுவது கேட்டது. நூல் இல்லாத தறியில் என்ன செய்வான் நெசவாளி? தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாலிபப் பிள்ளைகள் அதற்கும் மனசு வராமல் தெருமுனையில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

அப்படி நிற்பது ஒருவர் கண்ணை உறுத்தியது. அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த அதிகாரி. எங்கள் பக்கத்தில் பெரிய வீடு, வாசலில் வில்வண்டி, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. வாலிபர்கள் சும்மா நின்றால் ஊர்வலம் போவார்கள், ஊர்வலம் போனால் கோஷம் போடுவார்கள், கோஷம் போட்டால் சர்க்காருக்குத் தலைவலி என்பது அவர் கணக்கு. சர்க்காரின் தலைவலிக்கு இவர் ஏன் பற்றுப்போட வேண்டும் என்று கேட்டால், பேருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள அவருக்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது. அந்த ஆசை அவருடைய தலைப்பாகையில் கொசுவம் வைத்த மாதிரி ஊருக்கே தெரிந்தது. நூல் பங்கீட்டுக் கமிட்டியிலும் அவர் ஒரு ஆள். ஆகவே அவர் ஒரு கூட்டம் போட்டால் தெருவே போய் உட்கார்ந்தது.

"தம்பிகளா! தறி நின்றால் என்ன? தரை இருக்கிறது. பழங்காநத்தம் பக்கத்தில் எனக்குச் சும்மா கிடக்கிற நிலம் இருக்கிறது. கிணறும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாத்தி. மண்ணைத் தொட்டால் மனம் தூய்மையாகும். செடியோடு பழகினால் உடம்பு உறுதியாகும். யார் விளைவிக்கிறாரோ அவர் வீட்டுக்கே விளைச்சல்!"

கடைசி வாக்கியத்துக்கு மட்டும்தான் கை தட்டினோம். அவர் அத்தனைக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கே தோட்டத்துக்கென்று ஒரு சங்கம் ஆரம்பமானது, அவரே அதற்குத் தலைவர்.

கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அடுத்த வீட்டு நெசவாளி. என் வயசுதான். ஜாதி வேறு, பாஷை வேறு, ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் கைதட்டவில்லை. விரலை மடக்கி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான். என்ன யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை லேடி டாக்டர் அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே அம்மா, கீரையும் காயும் சாப்பிடாமல் இருந்தால் இதுவும் தங்காது" என்று சொல்லியிருந்தாள். ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கினால் பாதி குறைந்துவிடும். அதில் கீரை எங்கே, காய் எங்கே.

"மாப்ள, கத்திரி போட்டா எம்புட்டு நாள்ல காய்க்கும்?" என்றான்.

"என்னையக் கேட்டா?"

"நீ சம்சாரி வீட்டுப் புள்ளைதான?"

சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ஊரில் நான் செய்த விவசாயம் ஆடு மேய்த்தது. யாராவது விதைத்ததை ஆடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, தின்றுவிட்டால் ஓடிப்போவது. இதை எத்தனை தடவை சொன்னாலும் நெசவாளிகள் நம்பவில்லை. நான் தோட்டத்துக்குள் நுழையும்போதெல்லாம், "மேக்கத்தி சம்சாரி வாராருடா, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று ஒருவன் குரல் கொடுப்பான். என் பாத்தியில் போட்ட வெண்டை முளைக்கவே இல்லை என்பது தெரிந்த பிறகுதான் அந்த மரியாதை நின்றது.

நெசவாளி கையில் மண் கிடைத்தால் என்ன ஆகும் என்று அங்கேதான் பார்த்தேன். நூல் பிடித்து வரப்பு போட்டார்கள். பாத்தி ஒவ்வொன்றும் பாவு விரித்த மாதிரி ஒரு கோணல் இல்லாமல் நின்றது. என் நண்பனுடைய பாத்தி பாதையோரமாக இருந்தது. நாற்றை நட்டுவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்ப்பான். ஒரு செடி கொஞ்சம் விலகியிருந்தாலும் பிடுங்கித் திரும்ப நடுவான். "டேய், செடி நெய்யுறதுக்கு இல்லடா, காய்க்கிறதுக்கு" என்று நான் சொன்னால், "கண்ணுக்கு நேரா இல்லாட்டி எனக்குக் கை ஓடாது மாப்ள" என்பான்.

மண்வேலையோடு விட்டிருந்தால் தலைவரை நான் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அவருக்கு எங்கள் மனசையும் சீர்திருத்த வேண்டியிருந்தது. விடிந்தும் விடியாமல் எங்களை வரிசையாகப் பனிப்புல்லில் வெறுங்காலோடு நிறுத்துவார். என்னவோ நாங்கள் அதற்கு முன்னால் பூட்ஸ் போட்டு நடந்தவர்கள் மாதிரி. அப்புறம் வேப்பமரத்தைப் பார்த்து மௌனம். அப்புறம் மூச்சுப் பயிற்சி. காலை வெயிலில் சக்தி இருக்கிறது, அதை மூக்கால் இழுத்து அடிவயிற்றில் நிறுத்த வேண்டும் என்பார். காலி வயிற்றில் எதை நிறுத்தினாலும் நிற்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒருநாள் ஒரு பையன் இழுத்த மூச்சை விடாமலே மயங்கி விழுந்தான். நாங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது தலைவர் சொன்னார்: "பயப்படாதீர்கள். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியேறுகிறது." எல்லாம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு குவளை சுக்குத் தண்ணீர். வெல்லம் கிடைப்பது கஷ்டம் என்பதால் வெல்லம் இல்லாத சுக்குத் தண்ணீர். வெல்லம் உடம்புக்குக் கெடுதல் என்று அதற்கும் ஒரு பிரசங்கம்.

இதையெல்லாம் நண்பன் வீட்டில் சொன்னபோது அவன் மனைவி ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நூல் இல்லாத ராட்டை. கை சும்மா இருக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மரத்தப் பாத்தாப் பசி ஆறும்னா ஆடு எதுக்குண்ணே எட்டி எட்டிக் கடிக்குது?"

அன்றைக்குக் கடைக்குப் போகிற வழியெல்லாம் வாயில் அதைத்தான் உருட்டிக்கொண்டு போனேன்.

செடிகள் என்னவோ நன்றாகத்தான் வந்தன. அதற்குத் தலைவரோ வேப்பமரமோ காரணம் இல்லை. வண்டல் மண், ஊறுகிற கிணறு, வேலை இல்லாமல் காய்ந்து கிடந்த கைகள். நண்பனுடைய கத்தரி பூத்தது, பிஞ்சு விட்டது. கீரை முழங்கால் உயரம் வந்தது. என் பாத்தியில் வெண்டை முளைக்காத இடத்தில் யாரோ துப்பிய விதையிலிருந்து ஒரு பூசணிக்கொடி தானாக வந்து ஒரு பிஞ்சு விட்டிருந்தது. அதுதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்பார்கள். காட்டினால் அழுகி விழுந்துவிடும். காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டுவோம். என் ஊரிலும் அப்படித்தான், நெசவாளிகளிடமும் அப்படித்தான். பாஷை மாறினாலும் பயம் மாறவில்லை. தலைவர் மட்டும் தினமும் சாயங்காலம் யாராவது ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து, "இது பாருங்கள், அது பாருங்கள்" என்று பிரம்பின் நுனியால் பிஞ்சு பிஞ்சாகத் தொட்டுக் காட்டுவார். பிரம்பு நீளும்போதெல்லாம் நண்பன் தன் வயிற்றில் குத்தின மாதிரி நெளிவான். என் பூசணி ஒரு வாரத்தில் விழுந்தது. நான் தண்ணீர் ஊற்ற மறந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பழியைப் பிரம்பின்மேல் போடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது, இன்றைக்கும் அங்கேயேதான் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் கத்தரி பறிக்கிற பருவம் வந்த அன்று நண்பன் ஒரு துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான். காயில் கை வைத்தான். பின்னாலிருந்து பிரம்பு வந்து அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"பறிக்காதே. துரை வருகிறார்."

உணவு உற்பத்தியை மேற்பார்வை செய்கிற ஒரு பெரிய துரை தோட்டத்தைப் பார்க்க வருவதாகத் தலைவருக்குச் சேதி வந்திருந்ததாம். துரை கண்ணால் பார்க்கிற வரைக்கும் ஒரு காய், ஒரு கீரைத்தண்டு யாரும் தொடக்கூடாது. தொட்டால் சங்கத்திலிருந்து நீக்கம். அதைச் சொல்லிவிட்டு அவர் நூல் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்பதையும் சும்மா பேச்சுவாக்கில் சொல்லி வைத்தார்.

துரை வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் துரைக்குக் கொடைக்கானலில் வேலை. வெயில் அடித்தால் கொடைக்கானலில்தான் வேலை இருக்கும் துரைமாருக்கு. இப்படியே போனது. கத்தரி பளபளப்புப் போய் மங்கியது, பிறகு பழுத்து மஞ்சளானது. அடுத்த பாத்திகளில் வெண்டை முற்றி, உடைத்தால் விறகு மாதிரிச் சத்தம் கேட்டது. கீரை பூத்து விதை விட்டுவிட்டது. நாங்கள் காலையில் வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றினோம், வேப்பமரத்தைப் பார்த்தோம், மூச்சு இழுத்தோம், சுக்குத் தண்ணீர் குடித்தோம், வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடந்தோம். நடுவில் ஒருநாள் ரேஷன் வரிசையில் நின்ற இடத்திலேயே நண்பனின் மனைவி சுருண்டு விழுந்துவிட்டாள். தெருப் பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

அன்றைக்கு அவனை நான்தான் தலைவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டில் இட்லி. அதன்மேல் எண்ணெய் மினுமினுக்கக் கத்தரிக்காய் கொத்சு. எந்தத் தோட்டத்துக் கத்தரி என்று நான் கேட்கவில்லை.

"ஐயா, வீட்டுல மயங்கி விழுந்துட்டா. டாக்டரம்மா காய்கறி குடுக்கச் சொல்லியிருக்காங்க. என் பாத்தியில நாலு காய் மட்டும் பறிச்சுக்கிறேன். வெளிய தெரியாது" என்றான் நண்பன்.

"உன் பாத்தி என்று சொல்லாதே. தேசத்தின் பாத்தி என்று சொல். புலனடக்கம் இல்லாதவனுக்குப் பயிர் வளர்த்து என்ன பிரயோஜனம்?"

தண்ணீர் இறைக்கும்போது உன் பாத்தி, பறிக்கும்போது தேசத்தின் பாத்தி. இவன் வாயைத் திறப்பதற்குள் அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "கமிட்டியில் உன் பேர் வந்தது. நல்ல பையன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். அதோடு முடிந்தது பேச்சு. நூல் வந்தால் தறி ஓடும், தறி ஓடினால் கூலி வரும். நாலு கத்தரிக்காய்க்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் அவள் படுத்தபடியே கேட்டாள். "என்னண்ணே சொன்னாரு?"

"தொரை வரட்டும்னாரு."

"எப்ப வருவாராம்னு வயித்துல இருக்கறதுகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா அது நம்ப மாட்டேங்குது."

ஒரு வழியாகத் துரை வரும் நாள் நிச்சயமானது. அப்போதுதான் தலைவர் கத்தரிப் பாத்தியைச் சரியாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். காமாலைக்காரன் கண் மாதிரி ஒவ்வொரு செடியிலும் மஞ்சள் மஞ்சளாகக் கத்தரி தொங்கியது. "ஐயோ, துரை வருகிற நேரத்தில் இப்படிப் பண்ணிவிட்டதே!" என்றார். செடியைத்தான் திட்டினார்.

பழுத்ததையெல்லாம் பறித்து எறியச் சொன்னார். உடனே மனசு இளகி, "வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் உழைப்பின் பலன்" என்று பெரிய மனசு பண்ணினார். நண்பன் ஒரு பை நிறையக் கொண்டுபோனான். அவன் மனைவி ஒரு காயை அரிவாள்மனையில் பிளந்தாள். உள்ளே விதை மட்டும்தான் இருந்தது.

"பந்திக்கு வாங்கன்னு சொல்லிட்டு எலை எடுக்கிறப்பக் கூப்புட்ட மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் வதக்கினாள். கசந்தது. சாப்பிட்டதை அப்படியே வாந்தி எடுத்தாள்.

துரை வருகிற அன்று விடியற்காலையில் தலைவர் என்னை ஒரு கூடையோடு மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பிஞ்சாக, பளபளப்பாக, ஒரே அளவாக, காம்பு நீளமாக விட்ட கத்தரிக்காய் ஒரு கூடை வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தேன். பாதையோரப் பாத்தியில் அதைச் செடிக்குச் செடி கட்டச் சொன்னார். கயிறு, நார் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது. நூல் வேண்டும்.

ஊரிலேயே நூல் இல்லாத நேரம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நண்பன் ஓடிப்போய் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். பச்சைச் சாயம் போட்ட நூல், ஒரு சின்னச் சிட்டம். கடைசியாக நெய்த சேலையின் கரையில் மிஞ்சியது. அடுத்தது நெய்கிறபோது ஆகும் என்று அவன் மனைவி அதை மடித்து, கடவுள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அறுக்காமக் கட்டுவோம். சாயங்காலம் அப்பிடியே உருவிச் சுத்தி, அவளுக்குத் தெரியாம இருந்த எடத்துலயே வச்சிரணும்" என்றான் மற்றவர்களிடம்.

அவன் சொல்லாவிட்டாலும் அறுத்திருக்க மாட்டார்கள். முழு நூலை அறுப்பதென்றால் நெசவாளிக்கு விரலை அறுத்த மாதிரி. முதல் செடியில் ஒரு சுற்று, அதில் ஒரு காய். அங்கிருந்து இலைக்கு அடியிலேயே நூலை ஓட்டி அடுத்த செடி, அதில் ஒரு காய். இப்படியே பாத்திக் கடைசி வரைக்கும் ஒரே நூல். முடிச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. காய் அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரித் தொங்கியது. நானும் ஒன்று கட்டினேன். "அண்ணே, தள்ளுங்க. இது மாட்டக் கட்டுற முடிச்சு" என்று அவிழ்த்துவிட்டார்கள். தலைவர் பாதையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துவிட்டு, "பலே! இயற்கையே தோற்றது" என்றார்.

வெயில் ஏறினதும் கார் வந்தது. கை தட்டுவதற்காகத் தெருப் பெண்களையெல்லாம் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நண்பனின் மனைவியும் வரப்பில் ஒரு ஓரமாக, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். துரை சிவந்த முகமும் பெரிய தொப்பியுமாக இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியும், எதற்கும் உதவாத அளவுக்கு. "ரெம்ப ஜோர், ரெம்ப ஜோர்" என்றுகொண்டே வந்தார். தலைவர் இங்கிலீஷில் பொழிந்தார். பிரம்பு நாலு பக்கமும் சுழன்றது. நாங்கள் வேப்பமரத்தைப் பார்த்து மூச்சு இழுத்துக் காட்டினோம்.

பிறகு துரை கத்தரிப் பாத்தியில் நின்றார். குனிந்தார். "நான் ஒன்று பறிக்கலாமா?" என்று சைகையில் கேட்டார். தலைவர் பதில் சொல்வதற்குள் காயைப் பிடித்து இழுத்தார்.

காய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

பாத்தி முழுக்க, முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டியது. பெரிய அதிகாரி வந்தால் எங்கள் தலைவர் ஆட்டுவாரே, அதே மாதிரி.

துரை விட்டுவிட்டார். செடிகள் நிமிர்ந்தன. திரும்பவும் இழுத்துப் பார்த்தார். திரும்பவும் ஆட்டின. யாரும் மூச்சு விடவில்லை. தலைவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி அன்றைக்குத்தான் பயன்பட்டது. துரை இலையை விலக்கினார். பச்சை நூல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

இங்கேதான் தலைவரை நான் மெச்சுகிறேன். பொய் சொல்வதற்கு யோசிக்கிறவன் சாதாரண ஆள். அவர் யோசிக்கவே இல்லை. இங்கிலீஷில் ஏதோ சரமாரியாகச் சொன்னார். துரையோடு வந்திருந்த குமாஸ்தா அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அர்த்தத்தை அப்புறம் எனக்குச் சொன்னதும் அவர்தான். எங்கள் வாலிபர்கள் நெசவாளிகள், ஆகவே காற்றில் செடி சாயாமலும் காய் உதிராமலும் இருக்க ஒரே நூலில் வரிசையைப் பிணைக்கிற புது முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாராம். துரை தொப்பியைக் கழற்றினார். அசந்துபோனார். "யார்? யார் பாத்தி?" என்றார் தமிழில்.

நண்பன் ஓரடி முன்னால் வந்தான். துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் வரப்பிலிருந்து ஒரு குரல்.

"அது எங்க வீட்டு நூலுல்ல?"

அவள் வந்துகொண்டிருந்தாள். மெதுவாக, பாதம் பார்த்து வைத்து. கூட்டம் தானாக விலகியது. நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள். மஞ்சளாக இருந்த பாத்தியில் ஒரே நாளில் எப்படி ஊதாக்காய் வந்தது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லிவிடுவாளோ? சொன்னால் தலைவர் மானம் போகும். அதோடு இவர்கள் நூலும் போகும். அவள் தலைவருக்கு நேராக நின்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"பாத்திக்காரன் பொண்டாட்டிங்கய்யா நான். வெளைய வச்சவுங்க வீட்டுக்குத்தான் வெளைச்சல்னு நீங்க கூட்டத்துல சொன்னீகளாம். தொரைதான் வந்துட்டாகளே. வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

துரை தலைவரைப் பார்த்தார். தலைவர், "நன்றி சொல்கிறாள்" என்று மொழிபெயர்த்தார். ஆனால் துரைக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் வீடு என்ற சொல் இருந்தது. அவள் வயிற்றையும் பார்த்தார். "வீட்டுக்கு! வீட்டுக்கு! ரெம்ப சரி! எல்லாம் வீட்டுக்கு!" என்று பாத்தியைக் காட்டிக் கையை ஆட்டினார்.

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வரைந்து மாட்டியிருக்க வேண்டும்.

அவள் உட்காரக்கூட இல்லை. முதல் செடியில் முடிச்சை அவிழ்த்து நூலின் தலைப்பைக் கையில் பிடித்தாள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். எந்த முடிச்சு எங்கே என்று விரலுக்குத் தெரியும். வரிசையோடு நடந்தாள். நடக்க நடக்கச் செடி ஒவ்வொன்றாகக் காயை விட்டுக்கொடுத்தது. காய் மடியில் விழுந்தது, நூல் இடது கையில் கண்டாகச் சுற்றிக்கொண்டே வந்தது. மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த கூடை அப்படியே அவள் மடிக்கு மாறியது. துரை கை தட்டினார். துரை தட்டினதால் தலைவரும் தட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் நண்பன் மெல்ல, "கோவமா?" என்று கேட்டான்.

"நூலு அறுந்திருந்தா கோவம். அறுகல" என்றாள்.

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வந்த வதக்கல் வாசனை தெருவைத் தாண்டியது. ஒரு கூடைக் கத்தரி எத்தனை நாளைக்கு வரும்? அது பெரிதில்லை. துரை எல்லார் முன்னாலும் சொன்ன வாக்கு பெரிது. பழுத்த காயைப் பறித்துவிட்ட பிறகு செடி திரும்பவும் பூத்தது, காய்த்தது. மறுநாளிலிருந்து நண்பன் வேப்பமரத்தைப் பார்க்காமல் நேராகப் பாத்திக்குப் போனான். புதுக்கீரை விதைத்தான். தினமும் பையில் ஏதாவது கொண்டுபோனான். அவனைப் பார்த்து எல்லாரும் பறித்தார்கள். தலைவர் பிரம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தார். தடுக்க வாய் வரவில்லை. துரை கை குலுக்கின ஆளைச் சங்கத்திலிருந்து எப்படி நீக்குவது?

நூல் கமிட்டி? அது யாருக்கும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அதனால் அவனுக்கும் கொடுக்கவில்லை. நல்ல பையனாக இருந்ததெல்லாம் வீண்.

ஒரே நூலில் செடியைப் பிணைக்கிற முறையை வேறு ஊரிலும் செய்து பார்க்கச் சொல்லி உத்தரவு போயிற்று என்று அந்தக் குமாஸ்தா பிறகு சொன்னார். விளாங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பையன்கள் கத்தரிச் செடிக்கெல்லாம் நூல் கட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். எதற்குக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். காற்றுக்கு என்றார்கள். காற்றே இல்லை. இன்றைக்கும் யாராவது வந்து, வாலிபர்கள் மண்ணில் கை வைத்தால் மனசு குணமாகும் என்று என்னிடம் ஆரம்பித்தால், பறிக்கிறது யார் என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மனசைப் பற்றிப் பேசட்டும்.

தலைவருக்குப் பட்டம் வந்தது. வந்த கொஞ்ச நாளில் எங்கள் தெருப் பக்கம் வில்வண்டியில் வந்தார். நண்பனின் மனைவி வாசலில் பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. கொழுக்கட்டை மாதிரித் தொடை, தெருவையே எழுப்புகிற தொண்டை. தலைவர் வண்டியிலிருந்து இறங்கினார். கூட வந்தவரிடம், "இதோ பாருங்கள், நம் தோட்டத்து விளைச்சல்" என்று பிரம்பை நீட்டினார்.

அவள் எண்ணெய்க் கையாலேயே பிரம்பின் நுனியைப் பிடித்து மண்ணை நோக்கித் தாழ்த்தினாள்.

"பிஞ்சக் கம்பால காட்டாதீங்கய்யா" என்றாள். பிறகு பிள்ளையின் மற்றக் காலுக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கினாள்.